துறைமுகத்திலும் கப்பலிலும் காயமுற்றவர்கள் இழப்பீடு பெறுவது எப்படி? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் கடல் இல்லை. இருந்தும் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் கடலோரத்து வேலையை நம்பிப் பிழைக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தூத்துக்குடிக்கும் எண்ணூருக்கும் சரக்கு ஏற்றி இறக்கப் போனவர்கள், சிங்கப்பூர் ஷிப்யார்டுகளில் வெல்டிங் செய்யவும் சாரம் கட்டவும் போனவர்கள், சி.டி.சி. என்ற கப்பல் பணியாளர் பதிவுப் புத்தகம் எடுத்து வெளிநாட்டுக் கப்பலில் ஏறியவர்கள் என்று மூன்று வகையினரையும் ஒரே தெருவில் காணலாம். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பல்களின் அடித்தளத்திலிருந்து யாரோ சிலர் தோளில் ஏறித்தான் கரைக்கு வந்தன. அந்த வேலையில் கை கால் இழந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

என் தாய்மாமன் தமிழகத் துறைமுகம் ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் லாஷிங் வேலை பார்த்தார். கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் இரும்புக் கம்பி நழுவி, அவருடைய வலக்கைக் கட்டைவிரலை அடியோடு நசுக்கிவிட்டது. மேஸ்திரி அவரை ஆட்டோவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதே, “வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்கண்ணே, செலவை நாங்க பாத்துக்கிறோம்” என்று சொன்னார். மாமாவும் அப்படியே சொன்னார். மருத்துவமனைப் பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். சட்டம் அவருக்கு எவ்வளவு தரச் சொல்லியிருந்தது என்பது எங்களுக்குத் தெரிய வந்தபோது, மனுச் செய்யும் காலம் கடந்திருந்தது. அந்த வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு எந்தச் சட்டம் என்று தெளிவு செய்துகொள்ளுங்கள்

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேலையில் நேர்ந்த காயத்துக்கான பணம் இ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்துதான் வரும், முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. அங்கே தற்காலிக ஊனத்துக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் மாதந்தோறும் பணம் வரும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கே இ.எஸ்.ஐ. பொருந்தும்.

இ.எஸ்.ஐ. இல்லாத துறைமுகத் தொழிலாளிக்கும் இந்தியக் கப்பலின் பணியாளருக்கும் நெடுங்காலமாகத் துணை நின்றது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பிறந்த இது, 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் பெற்றது. இப்போது இது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டு, அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அந்த நாளுக்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டமும், அதன் பின் நடந்த விபத்துக்குப் புதிய தொகுப்பும் பொருந்தும். உரிமையின் எலும்புக்கூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் வேலை விபத்தாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. இரவுப் பணி முடிந்து பைக்கில் அறைக்குத் திரும்பும் துறைமுக இளைஞர்களுக்கு இது பெரிய மாற்றம்.

வெளிநாட்டுக் கொடிக் கப்பலிலும் (அதாவது வேறு நாட்டில் பதிவான கப்பலிலும்) சிங்கப்பூரிலும் வேலை செய்தவர்களுக்கு வழி வேறு. அதைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

படி 2: விபத்து நடந்த அன்றே பதிவு செய்யுங்கள்

முழு வழக்கும் இந்தப் படியில்தான் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து. சட்டம் கேட்பது ஒரே கேள்வி: காயம் வேலையினால், வேலை நேரத்தில் நேர்ந்ததா? முதலாளியின் மீது தவறு இருந்ததா என்று அது கேட்பதில்லை. உங்கள் கவனக்குறைவு இருந்தாலும் இழப்பீடு உண்டு. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது ஆகிய காரணங்களை மட்டும் முதலாளி எடுத்து வைக்கலாம். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அந்தக் காரணங்களும் செல்லாது. ஆகவே எதிர்த்தரப்பு தப்பிக்க எஞ்சியிருக்கும் எளிய வழி, காயம் வேலையில் நேரவே இல்லை என்று காட்டுவதுதான். “வீட்டில் விழுந்தேன்” என்ற ஒரு வரி அவர்களுக்குப் போதும்.

எனவே மருத்துவமனையில் எப்படிக் காயம்பட்டது என்று கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்: எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் அல்லது யார்டு, எந்த வேலை, எந்த நேரம், எந்தச் சாதனம். மயக்கத்தில் இருப்பவருக்குப் பதிலாக உடன் வந்த கேங் (வேலைக்குழு) ஆள் சொல்லலாம். அரசு மருத்துவமனையில் பதிவாகும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியைக் கேட்டு வாங்குங்கள். தனியார் மருத்துவமனையாக இருந்தால் முதல் நாள் சீட்டின் நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றை ஒன்றுவிடாமல் வைத்திருங்கள். பெரிய காயமென்றால் துறைமுகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள்.

அன்றைய கேட் பாஸை யாரிடமும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கேட்டால் முதலில் கைப்பேசியில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. உடன் இருந்த இரண்டு பேரின் பெயர், சொந்த ஊர், கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த கேங் அடுத்த மாதம் வேறு ஊரில் இருக்கும். சம்பளம் ரொக்கமாகக் கிடைத்தவர்கள், மேஸ்திரி அனுப்பிய ஜிபே பதிவுகளையும் வாட்ஸ்அப்பில் வந்த வேலை அழைப்புகளையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்.

படி 3: எழுத்து மூலம் முதலாளிக்கு அறிவியுங்கள்

காயமுற்றவரின் பெயரும் முகவரியும், விபத்தின் நாள், அது நேர்ந்த விதம் ஆகியவை இருக்கும் ஓர் எளிய கடிதம் போதும். எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மேஸ்திரியின் பெயர் தெரியும், ஒப்பந்தக்காரரின் பெயர் அரைகுறையாகத் தெரியும், அவருக்கு மேலே இருக்கும் ஸ்டீவடோர் (கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும்) நிறுவனம் எது என்றே தெரியாது. சட்டம் இங்கே தொழிலாளியின் பக்கம் நிற்கிறது: தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியிடமே நீங்கள் இழப்பீடு கேட்கலாம், அவர் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கேட் பாஸில் அச்சிடப்பட்டிருக்கும் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தொடங்கி, தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு நகலைத் துறைமுகப் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகத்துக்கும் அனுப்புவது நல்லது.

அறிவிப்புக் கிடைத்த மூன்று நாட்களுக்குள் முதலாளி தம் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் போக வேண்டும். மறுத்தால் உங்கள் உரிமை அதுவரை நிறுத்தி வைக்கப்படும்.

படி 4: எதில் கையெழுத்திடக் கூடாது

வெற்றுத் தாளிலும், “இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை” என்று எழுதிய முத்திரைத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ செய்யும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. தொகையைப் பேசி முடித்திருந்தாலும் அந்த உடன்பாடு, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாக வேண்டும்; தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒதுங்கிவிடக் கூடாது. மனுச் செய்வதற்கான இரண்டு ஆண்டுக் கெடு மீதமிருந்தால் மனுச் செய்யுங்கள். என் மாமாவின் கையெழுத்து எங்களைத் தோற்கடிக்கவில்லை; அந்தக் கையெழுத்தை நம்பி நாங்கள் சும்மா இருந்த காலம்தான் தோற்கடித்தது.

படி 5: எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று நீங்களே கணக்கிடுங்கள்

கணக்கு மூன்று எண்களில் அடங்கும்: மாத ஊதியம், வயதுக்குரிய காரணி, ஊனத்தின் அளவு. ஊதியம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், 2020 ஜனவரி 3ஆம் நாள் வெளியான அறிவிக்கைப்படி கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன் அது 8,000 ஆக இருந்தது. காரணி சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. 25 வயதுக்கு 216.91, 30க்கு 207.98, 35க்கு 197.06, 40க்கு 184.17, 50க்கு 153.09 என்று வயது ஏற ஏறக் குறையும்.

மாதம் 22,000 ரூபாய் வாங்கிய 35 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்குரிய ஊதியம் 15,000. நிரந்தர முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதமான 9,000ஐ 197.06 ஆல் பெருக்கினால் 17,73,540 ரூபாய். அவர் இறந்துவிட்டால் 50 சதவீதமான 7,500ஐ அதே காரணியால் பெருக்கக் குடும்பத்துக்கு 14,77,950 ரூபாய். கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை 30 சதவீத வருவாய்த்திறன் இழப்பு என்று வகுத்திருக்கிறது. ஆகவே அதே வயதுக்காரர் கட்டைவிரலை மட்டும் இழந்தால், 17,73,540இல் 30 சதவீதம், அதாவது 5,32,062 ரூபாய் கிடைக்க வேண்டும். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம்.

அட்டவணையில் இல்லாத காயங்கள்தான் துறைமுகத்தில் அதிகம். முதுகெலும்பு நசுங்குவது, தோள்மூட்டு இறங்குவது, தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுவது போன்றவற்றுக்குத் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் வருவாய்த்திறன் இழப்பை மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். உடலில் எவ்வளவு ஊனம் என்பதும், பிழைக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதும் வேறுவேறு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 40 சதவீதம் என்றிருந்தால் இழப்பீடும் 40 சதவீதம்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று தீர்ப்பளித்தது. வின்ச் இயக்கியவர், சாரம் ஏறியவர், கிரேன் கேபினுக்கு ஏணி ஏறியவர் என ஒவ்வொருவரும் தாம் செய்த அதே வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதை மருத்துவரிடம் விளக்கி, அதைச் சான்றிதழில் எழுதச் சொல்ல வேண்டும்.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 சதவீதம் வீதம் ஐந்து ஆண்டு வரை கிடைக்கும். 15,000க்கு அது 3,750 ரூபாய். வேலைக்குப் போக முடியாத காலம் 28 நாள் அல்லது அதற்கு மேல் நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு. குறைவாக இருந்தால் முதல் மூன்று நாள் கழியும். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவு இதற்கு மேல் தனி. ஆகவே மருந்துக்கடை பில்லைக்கூட எறிந்துவிடாதீர்கள்.

பணம் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்குத் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். விபத்து நாளிலேயே இழப்பீடு கொடுபடத்தக்கதாகிறது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு என்பதால், மனுவில் வட்டியையும் அபராதத்தையும் கட்டாயம் கேளுங்கள். புதிய தொகுப்பில் வட்டி வீதமும் ஊதிய உச்சவரம்பும் அரசு அறிவிக்கையால் வருபவை. எனவே மனு எழுதும் வாரத்தில் நடப்பு எண்ணைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: சொந்த ஊரிலிருந்தே மனுச் செய்யுங்கள்

பலருக்கும் தெரியாத, நம் பகுதிக்கு மிகவும் பயன்படும் விதி இது. விபத்து நடந்த இடத்தில், மனுதாரர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்தில் என மூன்றில் எதிலும் மனுச் செய்யலாம். எண்ணூரில் விரல் போனவர் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்த மனுக்களைத் தொழிலாளர் துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரிகள் விசாரித்து வந்திருக்கிறார்கள்; சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகங்களில் கேட்டால் உங்கள் ஊர் எந்த அதிகாரியின் எல்லையில் வருகிறது என்று சொல்வார்கள். ஆதார், குடும்ப அட்டை, மின்கட்டண அட்டை போன்ற குடியிருப்புச் சான்றுகளையும், வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். வயது ஓராண்டு மாறினாலும் காரணி மாறும்.

கெடு, விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசி வரும் தரகர்களுக்கு முன்னால் இந்தக் கதவைத் தட்டிவிடுங்கள்.

படி 7: இறப்பு நேர்ந்த வீட்டுக்கு

மரண இழப்பீட்டை முதலாளி நேரடியாக வீட்டில் கொண்டுவந்து கொடுத்தால் அது சட்டப்படி இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. ஆணையரிடம் செலுத்தித்தான் தீர வேண்டும். மூன்று மாத ஊதியம் வரை முன்பணமாகக் கொடுக்க மட்டும் அனுமதி உண்டு. ஆகவே காரியத்துக்கு முன்னால் வரும் பணத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதை முழுத் தொகை என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. மனைவி, 18 வயது நிரம்பாத மகன், மணமாகாத மகள், கைம்பெண்ணான தாய் ஆகியோர் எந்த நிபந்தனையுமின்றிச் சார்ந்தோர் ஆவர். மற்ற உறவினர் இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். பங்கு பிரிப்பது அதிகாரியின் பொறுப்பு, குழந்தைகளின் பங்கு அவர்கள் பெயரிலேயே முதலீடு செய்யப்படும். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றிதழும் தேவை. எரியூட்டும் அவசரத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிறகு மாரடைப்பு என்று வாதிடுவார்கள்.

கப்பலேறியவர்களுக்கு

இந்தியக் கப்பலில் நேர்ந்த காயத்துக்கு அறிவிப்பைக் கப்பல் தலைவரிடமே கொடுக்கலாம். கப்பலில் பணியாளர் இறந்தால், இறந்த செய்தி மனுதாரருக்குக் கிடைத்ததிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கப்பலே எல்லோருடனும் காணாமல் போனால், அது தொலைந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 18 மாதம். கரையில் இருப்பவர்களின் இரண்டு ஆண்டுக் கெடு என்று எண்ணி இங்கே ஏமாறக் கூடாது.

வெளிநாட்டுக் கொடிக் கப்பல் என்றால் பணி ஒப்பந்தமும், அதில் சேர்க்கப்பட்ட தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தமும்தான் தொகையைத் தீர்மானிக்கும். சைன் ஆன் ஆகும் (கப்பலில் பணியேற்கும்) முன் இரண்டின் நகலையும் வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்குமான பணத்துக்குக் கப்பல் உரிமையாளர் நிதிப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும். அதன் சான்று கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்தால் காப்பீட்டாளர் யார் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. காயமுற்றவருக்குச் சிகிச்சைச் செலவும் ஊதியமும் தரும் பொறுப்பை நாட்டுச் சட்டம் வரையறுத்தாலும் 16 வாரத்துக்குக் கீழே குறைக்க முடியாது.

காயத்தை லாக் புக்கில் (கப்பலின் பதிவேட்டில்) பதியச் சொல்லிக் கேளுங்கள். சீஃப் ஆபீசர் தயங்கினால் மின்னஞ்சலில் எழுதுங்கள். சைன் ஆஃப் ஆகும்போது “உடல் நலமாக இறங்குகிறேன்” என்ற தாளில் வலியை மறைத்துக் கையெழுத்திட வேண்டாம். உங்களை அனுப்பிய ஏஜென்டிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கிய ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருந்தால், அவர் மீதும் மும்பையிலுள்ள அந்த இயக்குநரகத்தில் புகார் செய்யலாம். உரிமமில்லாத ஏஜென்டுக்குப் பணம் கட்டிப் போனவர்களுக்கு இந்தப் பிடிமானம் கிடைக்காது என்பதை, பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப நகையை அடகு வைக்கும் பெற்றோர் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

சிங்கப்பூர் ஷிப்யார்டில் அடிபட்டவர்களுக்கு

அங்கே 2019ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். உடலுழைப்புத் தொழிலாளி எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் முதலாளி அவருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். எம்.சி. (மருத்துவச் சான்று) விடுப்புக் காலத்தில், வெளிநோயாளியாக 14 நாள், மருத்துவமனையில் 60 நாள் வரை முழு ஊதியம். அதன் பின் விபத்திலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் நேரும் விபத்துகளுக்கு மரண இழப்பீடு 91,000 முதல் 2,69,000 சிங்கப்பூர் டாலர் வரையிலும், முழு நிரந்தர ஊனத்துக்கு 1,16,000 முதல் 3,46,000 வரையிலும் இருக்கும். கெடு ஓராண்டு.

வேலை பெர்மிட் ரத்தாகி ஊர் திரும்பிவிட்டாலும் கோரிக்கை சாகாது. இதைத் தெரியாமல், “ஊருக்குப் போனா ஒண்ணும் கெடைக்காது, குடுக்குறத வாங்கிக்க” என்ற பேச்சை நம்பிக் கையெழுத்திட்டு வந்தவர்களை நான் அறிவேன். எம்.சி. கொடுக்க வேண்டிய காயத்துக்கு லைட் டியூட்டி மட்டும் எழுதினாலும் அதுவும் பதிவாக வேண்டிய விபத்துதான். இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டுச் சொல்லும் அறிவிப்பு வந்தால் 14 நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். ஆகவே முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். மலேசியாவில் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர் 2019 முதல் அந்நாட்டின் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டுக்குள் வந்துவிட்டனர். வளைகுடாவுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரையோடு போனவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசியைத் தேடிப் பாருங்கள். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அதில் 10 லட்சம் ரூபாய் உண்டு.

உத்தரவுக்குப் பின்

அதிகாரியின் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்தவருக்கு அது மதுரைக் கிளை. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும். முதலாளி மேல்முறையீடு செய்தால் முழுத் தொகையையும் முன்னதாகச் செலுத்திவிட்டு வர வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் பணம் கட்டாத முதலாளியிடமிருந்து நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். அதற்கான மனுவை உத்தரவிட்ட அதிகாரியிடமே கொடுங்கள், கொடுத்த தேதியுடன் முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.